இரண்டு நாற்காலிக்கு ஒருத்தி

"ரெட்டை மேடம், கூப்பிடறாங்க!"

வாசலில் அந்தக் குரல் கேட்டதும் அவள் கை அப்படியே நின்றது. கையில் தண்ணீர்ப் புட்டி. எதிரே மார்பளவு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய் நிறையக் களிமண். பிடி பிடியாகப் போட்டு, மரக்கட்டையால் தட்டித் தட்டி, காற்றுகூடப் புகாதபடி அவளே அடைத்த களிமண்.

"எந்தக் கமிட்டி?"

"நூலகத்துக்கு நாற்காலி வாங்கற கமிட்டி, மேடம்."

"அது போன வாரமே முடிஞ்சுதே?"

"அது மேசை வாங்கற கமிட்டி." அலுவலக உதவியாளர் பல் தெரியச் சிரித்தார். "மேசையை மட்டும் வாங்கிப் போட்டுட்டு எல்லாரும் நின்னுக்கிட்டா படிக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து மாட்டியிருந்த புட்டியில் இன்னும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தாள். சொட்டுச் சொட்டாக அது களிமண்மேல் விழுந்துகொண்டிருந்தது. அரை நாளுக்குத்தான் வரும். அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி உண்டு. நல்ல விதிதான், நல்ல மனம் படைத்த சிலர் போராடிக் கொண்டுவந்தது. எந்தக் கமிட்டி கூடினாலும் அதில் ஒரு பெண் இருக்க வேண்டும். சிறுபான்மை இனத்தவர் ஒருவரும் இருக்க வேண்டும். இருவரில் எவர் இல்லாவிட்டாலும் கூட்டம் செல்லாது. எழுதியவர்கள் இரண்டு பேரை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த அறிவியல் கட்டடத்தில் சிறுபான்மை இனத்திலிருந்து ஆசிரியராக வந்தவள் இவள் ஒருத்திதான். இவளோ பெண். இவள் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் இரண்டு நாற்காலியும் நிரம்பிவிடும். யாரும் சதி செய்யவில்லை. வசதியாக இருந்தது, பழகிவிட்டது.

கூட்டம் தொடங்கும்போது வருகை கேட்பார்கள்.

"பெண் உறுப்பினர்?"

"வந்திருக்கேன், சார்."

"சிறுபான்மை உறுப்பினர்?"

"வந்திருக்கேன், சார்."

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் "ஏன் மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். அப்படி வந்ததுதான் 'ரெட்டை மேடம்' என்ற பட்டப்பெயர். வைத்தவர் அலுவலக உதவியாளர். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளக் கெட்ட எண்ணமா வேண்டும்?

அவளுடைய ஆட்கள் கப்பலில் கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். இறங்கிய இடத்திலேயே, துறைமுகத்தை ஒட்டித் தங்கிவிட்டவர்கள். ஊருக்குள் அவர்களைக் 'கரையோரத்து ஆட்கள்' என்பார்கள். கறுத்த நிறம், சுருண்ட முடி. பிரசவ வார்டில் படுக்கை விரிப்பதற்கும், ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பதற்கும், இதே பல்கலைக்கழக விடுதியில் துணி தேய்ப்பதற்கும் அவர்கள் வரலாம். அவளுடைய அம்மா அங்கேதான் வாழ்நாள் முழுக்க மாணவிகளின் சட்டைகளைத் தேய்த்து மடித்தாள்.

மகள் பேராசிரியர் வேலைக்கு அதே வளாகத்துக்குள் வந்த முதல் நாளை எப்படிச் சொல்வது! வகுப்பறைக்குள் போனாள். கரும்பலகையில் யாரோ எழுதியது இருந்தது. துடைக்கத் தொடங்கினாள். பின்னாலிருந்து ஒரு மாணவன் அன்பாகவே சொன்னான்: "அக்கா, துடைச்சது போதும், நீங்க கிளம்புங்க. லெக்சரர் வந்துடுவாரு."

அவள் மிச்சத்தையும் துடைத்து முடித்து, சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டுத் திரும்பினாள். "வந்துட்டாரு. உட்காரு."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாடம் நடத்தினாள். முடிந்ததும் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டாவது வகுப்புக்குப் போனாள்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ள அவளுக்கு அந்தக் களிமண் இருந்தது.

துறைமுகத்தை ஒட்டி ஒரு தோல் தொழிற்சாலை. அதன் கழிவு நீர் மண்ணுக்குள் இறங்கி எத்தனை காலத்தில் கிணறுகளுக்கு வந்து சேர்கிறது? களிமண் தடுத்துவிடும் என்று தொழிற்சாலைக்காரர்கள் சொன்னார்கள். தடுக்காது என்று அவள் நினைத்தாள். நினைத்தால் போதாதே, காட்ட வேண்டும். குழாயில் மண்ணை அடைத்து, மேலே சொட்டு சொட்டாக நீர் விட்டு, பக்கவாட்டுத் துளைகளில் எப்போது என்ன வந்து சேர்கிறது என்று மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. மேல்மண் காயவே கூடாது. காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் நீர் மண்ணுக்குள் இறங்காமல் வெடிப்பு வழியே ஓடிவிடும். அதோடு முடிந்தது, மண்ணைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சொட்டு விட ஒரு சிறிய இயந்திரம் உண்டு. அதை வாங்கித் தரும்படி கேட்டிருந்தாள். கருவிகள் வாங்கும் கமிட்டிக்கு அந்த விண்ணப்பம் போனது. அந்தக் கமிட்டியிலும் அவள்தான் உறுப்பினர். தன் விண்ணப்பம் வரும்போது விதிப்படி அவள் வெளியே போக வேண்டும். அவள் வெளியே போனால் விதிப்படி கூட்டம் செல்லாது. ஆகவே அது ஒவ்வொரு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிற்று.

அன்று நாற்காலிக் கமிட்டி இழுத்துக்கொண்டே போனது. கை வைத்த நாற்காலியா, கை இல்லாததா என்பதில் இரண்டு பேராசிரியர்களுக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. அவள் ஓடி வந்து ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தபோது புட்டி காலி. மேல்மண்ணில் மெல்லிய கோடு ஒன்று, ஒரு தலைமுடி விழுந்ததுபோல. முடியாக இருக்கட்டும் என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனி உள்ளே இறங்கியது.

மண் அள்ளும் கரண்டியை எடுத்தாள். நான்கு மாத உழைப்பை வாளியில் கொட்டத் தொடங்கினாள்.

பதவி உயர்வு கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்திருந்தாள். இரண்டு முறையும் ஒரே பதில்: ஆராய்ச்சிக் கட்டுரைகள் போதவில்லை. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. இந்த ஆண்டு முடிவதற்குள் களிமண் ஆய்வு முடிந்து கட்டுரையாக வேண்டும். இல்லையென்றால் நிரந்தர வேலை போய்விடும். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தற்காலிக ஆசிரியை ஆகிவிடுவாள்.

டீனிடம் போய் நின்றாள். தங்கமான மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"சார், கமிட்டிகளைக் கொஞ்சம் குறைச்சா..."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நீங்க இல்லாம இங்க ஒரு காரியம் நடக்குமா? எங்க எல்லாருக்கும் எவ்வளவு பெருமை தெரியுமா நீங்க?" அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "நீங்க ஒரு முன்னுதாரணம்மா."

முன்னுதாரணத்துக்குக் கட்டுரை எழுத நேரம் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

அதே துறையில் மூத்த பேராசிரியை ஒருவர் இருந்தார். பெரும்பான்மை இனத்தவர், பெரிய வீட்டுப் பெண். "முடியாதுன்னு சொல்லிடும்மா. நான் சொல்றதில்லையா?" என்றார் ஒருநாள். உண்மைதான், அவர் முடியாது என்றால் "பாவம், மேடத்துக்கு ஏகப்பட்ட வேலை" என்றார்கள். இவளும் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குள் படிக்கட்டிலும் தேநீர் அறையிலும் பேச்சு பரவியது. "இடம் குடுத்தோம் இல்ல, அதான் திமிரு." ஒரே சொல்தான். ஒருத்தி வாயிலிருந்து வந்தால் களைப்பு, இன்னொருத்தி வாயிலிருந்து வந்தால் திமிர்! அதன் பிறகு அவள் அந்தச் சொல்லைத் தொடவில்லை.

வீட்டில் கணவன் கேட்டான். ஆஸ்பத்திரியில் மின்சார வேலை பார்ப்பவன், அதிகம் பேசாதவன். "இப்படி உருகறதுக்கு விட்டுட்டு வேற வேலை பாரேன்."

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்துவிட்டாள். "என்னது, விடறதா? மாப்பிள்ளை, பஸ் ஸ்டாப்புல அவ படம் எவ்வளவு பெரிசு வச்சிருக்காங்க பாத்தீங்களா? நான் தினம் அங்கயே பஸ் ஏறறேன்."

"அத்தை, நம்ம வீட்டு வாசல்லயே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கே?"

"அதுல படம் இல்லையே!"

பல்கலைக்கழகம் வைத்த விளம்பரப் பலகை அது. புகைப்படக்காரர் விளக்கை மாற்றி மாற்றி வைத்து, "முகமே தெரிய மாட்டேங்குது மேடம், இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று கன்னம் வலிக்கும்வரை சிரிக்க வைத்து எடுத்த படம். நிற்பவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள்: "என் மக." ஒருவர் நம்பவில்லையாம். அடுத்த நாள் அடையாளத்துக்கு மகளின் பழைய புகைப்படத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள் அம்மா. எதை விடுவது? அந்தப் பலகையைக் கழற்றி அம்மா கையில் கொடுப்பதா?

அவள் மறுபடி களிமண் அடைக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் துறையில் ஓர் இடம் காலியானது. நேர்முகத்துக்கு வந்தவர்களில் ஒரு பெண் கரையோரத்து ஆட்களைச் சேர்ந்தவள். சின்ன வயது. பறந்து நிற்கும் சுருள்முடி. எண்ணெய் சிந்திய மண்ணில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்க்கிறாள். பேசும்போது கைகளும் சேர்ந்து பேசின. கேட்கக் கேட்க ரெட்டை மேடத்துக்கு மார்பு விம்மியது. என்ன வேலை! என்ன துணிச்சல்!

தேர்வுக் கமிட்டியில் ஐந்து பேர். அந்தப் பெண் வெளியே போனதும் பேச்சு தொடங்கியது.

"நல்லா பேசறா. ஆனா கொஞ்சம்... சத்தமா இருக்கா, இல்ல?"

"பசங்களுக்கு அவ உச்சரிப்பு புரியுமா?"

"அந்தப் பையன் நம்ம கிட்டயே படிச்சவன். அமைதியானவன்."

ரெட்டை மேடம் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினாள். அதன் முறை, அதன் புதுமை, வெளியான கட்டுரைகள் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். முடித்ததும் ஒருவர், "அந்தப் பையனைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று மற்றவரைப் பார்த்துக் கேட்டார். அவள் பேசியது, ஜன்னல் ஓரம் பறந்த காகிதம்போல யார் கையிலும் படாமல் போய்விட்டது.

இந்தப் பெண்ணையும் விட்டுவிட்டால் தன் காலம் முழுதும் தனியாகத்தானா? எந்தப் பேச்சு இந்த மேசையில் எடுபடும் என்பது அவளுக்குத்தான் தெரியுமே. எத்தனை கூட்டம் உட்கார்ந்திருக்கிறாள்!

"ஒண்ணு யோசிங்க, சார்," என்றாள். "இவங்க வந்தா கமிட்டிக்கு நாங்க ரெண்டு பேர் இருப்போம்."

டீனின் முகம் விளக்கு போட்டதுபோல மலர்ந்தது. "அட, ஆமா! ஒரே நேரத்துல ரெண்டு கூட்டம் வச்சுக்கலாமே!" சிரிப்பு. தலையசைப்பு. பேனாக்கள் திறந்தன. பெண் தேர்வாகிவிட்டாள்.

கையெழுத்துப் போட்டபோது அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. மகிழ்ச்சியால் என்று நினைத்துக்கொண்டாள்.

சுருள்முடிக்காரி வேலையில் சேர்ந்த அன்று ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா! நீங்க இங்க இருக்கீங்கன்னுதான் அக்கா நான் அப்ளிகேஷனே போட்டேன். பஸ் ஸ்டாப்புல உங்க படத்தைப் பாத்துட்டு!"

அடுத்த அறைதான் அவளுக்கு. கண்ணாடி ஜாடிகளில் ஈர மண்ணை அடுக்கினாள். "அக்கா, இதுங்க காய்ஞ்சா செத்துடும். ஈரம் மட்டும் போகக் கூடாது," என்றாள். எதிரே நின்றவள் முகம் மாறியதை அவள் கவனிக்கவில்லை.

சில வாரங்கள் இனிமையாகக் கழிந்தன. அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. குழாயில் களிமண் ஈரமாக இருந்தது. முதல் துளையில் நீர் வந்தது, பிறகு இரண்டாவதில். ரெட்டை மேடம் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு அலுவலக உதவியாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஆனால் பக்கத்து அறைக் கதவு நாள்தோறும் பூட்டியே கிடந்தது. அவளுக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

ஒருநாள் சுருள்முடிக்காரி உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"மேடம்."

அக்கா போய் மேடம் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"டீன் சார் சொன்னாரு. பெருமையாத்தான் சொன்னாரு. கமிட்டிக்கு ஆள் கிடைக்கும்னு நீங்க சொன்னதாலதான் எனக்கு இந்த வேலையாம். நிஜமா?"

"உன் ஆராய்ச்சியைப் பத்தியும் சொன்னேன்மா. முதல்ல அதைத்தான் சொன்னேன்."

"சொன்னீங்க. அப்புறம்?"

"யாரும் கேக்கலை."

"அதனால கேக்கற மாதிரி ஒண்ணு சொல்லிட்டீங்க." அந்தப் பெண் பக்கத்து அறைப் பக்கம் கை காட்டினாள். "என் ஜாடி பாதி காய்ஞ்சுபோச்சு, மேடம். நேத்து மட்டும் ரெண்டு கூட்டம். வேற யார் வேணா என்னை அப்படி நினைக்கலாம். நீங்க... நீங்களுமா என்னை ஒரு நாற்காலியா பாத்தீங்க?"

மன்னிப்புக் கேட்டால் அப்படி வாங்கிக் கொடுத்த வேலை இல்லையென்று ஆகிவிடுமா? ஆகத்தான் வேண்டுமா? அதற்குள் வெளியே குரல் கேட்டது.

"ரெட்டை மேடம், கூப்பிடறாங்க!"

பழக்கத்தில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். உதவியாளர் அவளைத் தாண்டி, கூச்சத்தோடு, சின்னவளைப் பார்த்தார். "இவங்களைம்மா. கருவி வாங்கற கமிட்டி."

அந்தப் பட்டப்பெயரும் கைமாறிவிட்டது. சுருள்முடிக்காரி அவர் பின்னால் போனாள்.

ரெட்டை மேடம் தன் குழாயின் முன் உட்கார்ந்தாள். நீர் சொட்டியது. இந்த ஒரு நிம்மதிக்காக எத்தனை நாள் ஏங்கினாள்! இப்போது ஒவ்வொரு சொட்டும் தலையில் விழுவதுபோல இருந்தது. எழுந்தாள். அடுத்த அறைக்குப் போனாள். ஜாடிகளின் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்தவற்றை ஒதுக்கினாள், ஈரம் குறைந்தவற்றில் தெளிப்பானை எடுத்துப் பனிபோலத் தெளித்தாள். தன் மண்ணை யாராவது இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கிய நாட்கள் நினைவுக்கு வந்து கண்ணை மறைத்தன.

"என் ரூம்ல என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். சின்னவள் வாசலில், கையில் கோப்போடு.

"மண்ணு காய்ஞ்சுடும்டி," என்றாள்.

சுருள்முடிக்காரி ஜாடிகளைப் பார்த்தாள். தெளிப்பானைப் பார்த்தாள். கோப்பை மேசைமேல் வைத்தாள். "உங்க மெஷின் பாஸ் ஆயிடுச்சு. சொட்டு விடறது. நீங்க உள்ள இல்லாததால நான் உட்கார்ந்து பேசினேன்."

"எனக்காகவா?"

"கோபத்தோடதான் பேசினேன். ரெண்டு மெஷின் கேட்டேன். ஒண்ணுதான் தருவாங்களாம்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க கட்டுரைக்கு வருஷக் கடைசிதான் கெடுன்னு கேள்விப்பட்டேன். நீங்களே வச்சுக்குங்க, அக்கா."

அக்கா! அந்தச் சொல்லுக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். யார் முதலில் அழுதார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

உதவியாளர் மறுபடி எட்டிப் பார்த்தார். "மேடம், விடுதிக் கமிட்டிக்குக் கூப்பிடறாங்க."

"எந்த மேடத்தை?"

அவர் தலையைச் சொறிந்தார். "யாராவது ஒருத்தர் வந்தா போதும்னாங்க."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கையில் தெளிப்பானை வைத்து அழுத்தினாள். "இன்னைக்கு நான். நாளைக்கு நீ. மெஷின் வர்ற வரைக்கும் என் புட்டியையும் பாத்துக்க. காலியாக விட்டுடாதே."

கூட்ட அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பெண் உறுப்பினர்?"

"வந்திருக்கேன், சார்."

"சிறுபான்மை உறுப்பினர்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். யாரோ சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"அவங்க வேலையா இருக்காங்க, சார்."

டீன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு அன்பாகச் சிரித்தார். "அதனாலென்னம்மா, அதான் நீங்க இருக்கீங்களே!" பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ரெண்டும் வந்தாச்சுன்னு போட்டுக்குங்க."

பேனா இரண்டு முறை கிறுக்கியது. கதவைச் சாத்தினார்கள்.

ஜன்னல் வழியாக எதிர்க்கட்டடத்தில் அவளுடைய ஆய்வுக்கூடம் தெரிந்தது. உள்ளே சுருள்முடி ஒன்று குனிந்து, புட்டியைக் கழற்றி, நிரப்பி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தது. விடுதிக் குளியலறைக் குழாய்களைப் பற்றி யாரோ பேசத் தொடங்கினார்கள். அவள் அந்த ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.